மணி அடிக்காத ஆப், போய்ச் சேராத அளவு: சுகர், பிரஷர் ஆப்களில் வரும் கோளாறுகளைச் சரிசெய்வது எப்படி

திருச்சியில் ஒரு சர்க்கரை நோய் கிளினிக்கில் ஆலோசகராக இருக்கிறேன். உணவுப் பட்டியல் போட்டுக் கொடுப்பது, கால் பரிசோதனை, இன்சுலின் ஊசி போடக் கற்றுக்கொடுப்பது இவைதான் என் வேலை. கடந்த சில வருடங்களாக நோயாளிகளின் போனும் என் மேசைக்கு வருகிறது. மாத்திரையை ஞாபகப்படுத்தும் ஆப், சுகர் மிஷினோடு வந்த ஆப், பிரஷர் மிஷினோடு வந்த ஆப், கையில் ஒட்டும் சென்சாரின் ஆப் என்று பெயர்கள் மாறினாலும் கோளாறுகள் மாறுவதில்லை. அதே ஏழெட்டுதான் திரும்பத் திரும்ப வருகின்றன.

உங்கள் வீட்டில் எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். காசு செலவில்லாத காரணத்தை முதலிலும், செலவு வைக்கும் காரணத்தைக் கடைசியிலும் சொல்லியிருக்கிறேன். போனில் வரும் மெனுப் பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும்.

## போனைத் தொடுவதற்கு முன்: ஆள் எப்படி இருக்கிறார்?

ஆப் தப்பா, மிஷின் தப்பா என்று ஆராயும் நேரத்தில் எதிரில் உட்கார்ந்திருப்பவர் வியர்த்துக்கொண்டிருக்கக் கூடாது. முதலில் ஆளைப் பாருங்கள்.

வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சில் குழப்பம், அல்லது சுகர் 70க்குக் கீழே: மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். வோக்ளிபோஸ் என்ற சுகர் மாத்திரை போடுகிறவருக்கு வீட்டுச் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும், அவருக்குக் குளுக்கோஸ் பவுடர் வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னும் 70க்குக் கீழே இருந்தால் இன்னொரு முறை கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

சுகர் 300க்கு மேல், கூடவே வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு: உடனே ஆஸ்பத்திரி.

பிரஷர் 180/120க்கு மேல்: ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைத்து மறுபடி பாருங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, வாய் கோணுதல், பேச்சுக் குழறல் இதில் எது இருந்தாலும் மறுபடி அளந்துகொண்டிருக்க வேண்டாம், 108தான். இவை எதுவும் இல்லாமல் அளவு மட்டும் இறங்காமல் நின்றால் அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள்.

இதெல்லாம் இல்லை, ஆள் நன்றாக இருக்கிறார் என்றால் சரி, போனை எடுக்கலாம்.

## கோளாறு 1: மாத்திரை நேரத்தில் ஆப் கூப்பிடவே இல்லை

என்னிடம் வருவதில் பாதிக்குமேல் இதுதான். வீட்டில் உள்ளவர்கள் பெரியவரைத் திட்டிவிட்டுத்தான் அழைத்து வருவார்கள். பெரும்பாலும் தப்பு போன் மேல் இருக்கும்.

### புதிதாகப் போட்ட நாளிலிருந்தே வரவில்லை

ஆண்ட்ராய்டு 13 முதல், ஒவ்வொரு ஆப்பும் நோட்டிஃபிகேஷன் காட்ட அனுமதி கேட்கிறது. முதல்முறை திறக்கும்போது வரும் அந்தக் கேள்விக்குப் பலர் பயந்து 'டோன்ட் அலவ்' அழுத்திவிடுகிறார்கள். செட்டிங்ஸ், ஆப்ஸ், அந்த ஆப்பின் பெயர், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று வரிசையாகப் போய் அனுமதியைத் திறந்துவிடுங்கள்.

அதே இடத்துக்குப் பக்கத்தில், புதிய போன்களில் 'அலாரம்ஸ் அண்ட் ரிமைண்டர்ஸ்' என்று தனியாக ஒரு அனுமதி உண்டு. அது மூடியிருந்தால் மணி வரும், ஆனால் சொன்ன நேரத்துக்கு வராது. எட்டு மணி மாத்திரைக்கு எட்டே முக்காலுக்குக் கூப்பிடுகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இந்த அனுமதியைத்தான்.

### சில நாள் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது

லால்குடிப் பக்கத்திலிருந்து வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். ஞாயிறன்று மகன் வந்து ஆப்பைத் திறந்து சரிசெய்துவிட்டுப் போவார், திங்கள் மாலை மறுபடி நின்றுவிடும். மூன்றாம் முறை வந்தபோது, "போனை ராத்திரி என்ன செய்வீர்கள் ஐயா?" என்று கேட்டேன். செய்தே காட்டினார். கீழேயிருந்து மேலே தள்ளினார், திறந்திருந்த எல்லா ஆப்பும் வரிசையாக வந்தன, 'கிளியர் ஆல்' அழுத்தினார், போனைக் கவிழ்த்து வைத்தார். பேட்டரி மிச்சமாகும் என்று பேரன் சொல்லிக்கொடுத்த பழக்கமாம். அவர் வைத்திருந்த போனில் அப்படித் துடைத்துவிட்டால் ஆப் மொத்தமாகச் செத்துவிடும், மறுநாள் மணியும் அதோடு போய்விடும்.

சரிசெய்ய, இந்த வரிசையில் போங்கள்:

1. ஆப்பை ஒருமுறை திறங்கள். நின்றுபோன மணிகள் பெரும்பாலும் திறந்த உடனே உயிர் பெற்றுவிடும்.
2. ஆப்பின் பேட்டரிப் பகுதியில் 'அன்ரெஸ்ட்ரிக்டெட்' அல்லது 'நோ ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' வையுங்கள்.
3. ரெட்மி, ஓப்போ, விவோ, ரியல்மி போன்களில் 'ஆட்டோஸ்டார்ட்' அல்லது 'ஆட்டோ லான்ச்' என்று ஒன்று இருக்கும். அதைத் திறந்துவிடுங்கள். போனை அணைத்துப் போட்ட பிறகு மணி வராமல் போவதற்கு இந்தப் போன்களில் இதுவே வழக்கமான காரணம்.
4. திறந்திருக்கும் ஆப்களின் வரிசையில் இந்த ஆப்பை அழுத்திப் பிடித்தால் பூட்டுப் படம் வரும். பூட்டிவிட்டால் 'கிளியர் ஆல்' அழுத்தினாலும் போகாது.
5. 'பாஸ் ஆப் ஆக்டிவிட்டி இஃப் அன்யூஸ்ட்' என்பதை அணையுங்கள். சில மாதம் திறக்காத ஆப்பின் அனுமதிகளைப் போன் தானாகப் பறித்துக்கொள்ளும் ஏற்பாடு அது.

பிறகு சோதித்துப் பாருங்கள். ஐந்து நிமிடம் தள்ளி ஒரு மணி வைத்து, போனை அணைத்துப் போட்டு, ஆப்பைத் திறக்காமல் காத்திருங்கள். அடித்தால் சரியாகிவிட்டது. இந்தச் சோதனையைச் செய்யாமல் போனைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

### மணி வருகிறது, காதில் விழவில்லை

போனில் பாட்டுக்கு ஒரு ஒலி, அழைப்புக்கு ஒரு ஒலி, நோட்டிஃபிகேஷனுக்கு ஒரு ஒலி, அலாரத்துக்கு ஒரு ஒலி. வால்யூம் பட்டனை அழுத்தினால் ஏதோ ஒன்றுதான் ஏறும். பக்கத்தில் வரும் மூன்று புள்ளியைத் தொட்டு நான்கையும் பாருங்கள். 'டூ நாட் டிஸ்டர்ப்' இரவில் தானாக ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் கேட்கவில்லை என்றால், சர்க்கரைக்காரர்களுக்குக் காது கேட்பது குறைவதும் உண்டு. காது பரிசோதனைக்கு ஒருமுறை அழைத்துப் போங்கள். அதுவரை போனின் சாதாரண கடிகார அலாரத்தையும் சேர்த்து வைத்துவிடுங்கள். அது இந்த அனுமதிச் சிக்கல்களில் மாட்டுவதில்லை.

### மணி சரியாக வருகிறது, அந்த நேரம்தான் சரியில்லை

இதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. ஆப் கடிகாரத்தைப் பார்க்கிறது. கிளிமிபிரைடு போன்ற சுகர் மாத்திரையும் சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலினும் சாப்பாட்டைப் பார்க்கின்றன. எட்டு மணிக்கு மணி அடித்ததும் மாத்திரையைப் போட்டுவிட்டு, இட்லி வேகட்டும் என்று ஒன்பதரை வரை உட்கார்ந்திருந்தவர்கள் லோ சுகரோடு வந்திருக்கிறார்கள். ஆப்பில் மாத்திரைப் பெயருக்குப் பதிலாக "தட்டு முன்னால் வந்த பிறகு" என்று எழுதி வைத்துக்கொடுக்கிறேன். எழுதும் இடத்தில் எதை வேண்டுமானாலும் எழுதலாம், அது பலருக்குத் தெரிவதில்லை.

சஷ்டி விரதம், ஏகாதசி, ரமலான் நோன்பு, எதுவானாலும் மணியை நீங்களாக நகர்த்தாதீர்கள். எந்த மாத்திரையை எந்த வேளைக்கு மாற்றுவது, எதைக் குறைப்பது என்று விரதம் தொடங்குவதற்கு ஓரிரு வாரம் முன்பே டாக்டரிடம் கேட்டு, அவர் சொன்னபடி ஆப்பில் மாற்றுங்கள்.

## கோளாறு 2: ஒரே மாத்திரையை ஆப் இரண்டு முறை கேட்கிறது

எனக்கு அதிகம் பயம் தரும் கோளாறு இது.

கடையில் ஒரு கம்பெனி மாத்திரை இல்லை என்று வேறு கம்பெனியைக் கொடுக்கிறார்கள். அல்லது, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் மாத்திரை ஒரு அட்டையில், தனியார் டாக்டர் எழுதியது இன்னொரு அட்டையில். வீட்டில் யாரோ புதுப் பெயரையும் ஆப்பில் சேர்த்துவிடுகிறார்கள், பழையதை நீக்குவதில்லை. இரண்டும் ஆம்லோடிபின் என்ற ஒரே பிரஷர் மருந்துதான். ஆப்புக்கு இரண்டும் வேறு வேறு மாத்திரை. காலையில் ஒன்றுக்கு மணி, இரவில் ஒன்றுக்கு மணி.

எல்லா அட்டைகளையும் மேசையில் பரப்புங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் படியுங்கள். கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரே மருந்துப் பெயர் இரண்டு அட்டையில் இருக்கிறதா? இரண்டு மருந்து சேர்ந்த மாத்திரைகளில் ஒன்று மட்டும் பொதுவாக இருக்கும், அதையும் கவனியுங்கள். மெட்ஃபார்மின் என்ற சுகர் மருந்து அப்படித்தான் மூன்று அட்டைகளில் ஒளிந்திருக்கும்.

ஒரே பெயர் இரண்டில் இருந்தால், எதை நிறுத்துவது என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். டாக்டரே வேண்டுமென்று இரண்டு வேளை கொடுத்திருக்கலாம். அட்டைகளின் போட்டோவை அன்றைக்கே டாக்டருக்கோ மருந்தாளுநருக்கோ காட்டிக் கேட்டுவிட்டு, பிறகு ஆப்பில் நீக்குங்கள்.

## கோளாறு 3: "தவறவிட்டது" என்று காட்டுகிறது, அம்மாவோ போட்டேன் என்கிறார்

அம்மா போட்டிருப்பார். மணி அடிக்கும், மாத்திரை போடுவார், போனில் 'எடுத்துக்கொண்டேன்' என்று தொட மறப்பார். ஈரக் கையால் தொட்டதில் பதிவாகாமலும் இருந்திருக்கும். சென்னையிலோ துபாயிலோ இருக்கும் மகளுக்குச் சிவப்புக் குறி போகும், மகள் போன் போட்டுக் கோபப்படுவார். அதன் பிறகு அம்மா போட்டாலும் போடாவிட்டாலும் பச்சையைத் தொட ஆரம்பிப்பார். அன்றோடு அந்த ஆப்பின் கணக்கை நம்ப முடியாமல் போய்விடும். தயவுசெய்து சிவப்புக் குறியைப் பார்த்ததும் திட்டாதீர்கள்.

பார்க்க வேண்டியது அட்டையை. மாதத் தொடக்கத்தில் எத்தனை இருந்தது, இன்று எத்தனை மிச்சம் என்று எண்ணினால் ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். அடுத்த படியாக, கிழமை எழுதிய மாத்திரை டப்பா ஒன்று வாங்கிக் கொடுங்கள். ஆப் ஞாபகப்படுத்தட்டும், டப்பா கணக்கு வைத்துக்கொள்ளட்டும்.

"போட்டோமா, இல்லையா" என்று சந்தேகம் வந்தால், சந்தேகத்தின் பேரில் இன்னொரு முறை போடக் கூடாது. சுகர் மாத்திரை, இன்சுலின், ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை இவற்றில் இது மிகவும் முக்கியம். இரண்டு முறை போட்டுவிட்டதாகத் தெரிந்தால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். சில சுகர் மாத்திரைகளால் இறங்கும் சர்க்கரை, ஏற்றிய பிறகும் சில மணி நேரம் கழித்து மறுபடி இறங்கும். அன்றிரவு அவரைத் தனியாகப் படுக்க விடாதீர்கள்.

மறதி மாத்திரையில் மட்டும் இல்லை, அடுப்பை அணைக்க, வந்தவர் பெயர் சொல்ல என்று மற்றதிலும் புதிதாகத் தெரிகிறதா? அப்போது ஆப்பை மாற்றிப் பயனில்லை, டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள்.

## கோளாறு 4: சுகர் மிஷினில் அளவு வருகிறது, போனுக்குப் போகவில்லை

புளூடூத் அணைந்திருக்கிறதா என்று எல்லோரும் பார்த்துவிடுவார்கள். அடுத்தவைதான் தெரியாதவை.

ஆண்ட்ராய்டு 11 வரையுள்ள போன்களில் லொக்கேஷன் போட்டிருந்தால்தான் இந்த மாதிரி மிஷினைப் போன் தேடும். சுகர் பார்க்க எதற்கு நான் இருக்கும் இடம் என்று நியாயமாகவே அணைத்து வைத்திருப்பார்கள். ஆண்ட்ராய்டு 12 முதல் அதற்குப் பதில் 'நியர்பை டிவைசஸ்' என்று ஒரு அனுமதி. ஐபோனில் ஆப்பின் பெயருக்குள் போய்ப் புளூடூத் அனுமதியைப் பாருங்கள்.

மிஷினைப் போனின் புளூடூத் பட்டியலில் போய்ச் சேர்த்திருக்கிறீர்களா? பல மிஷின்களை ஆப்புக்குள் இருந்துதான் சேர்க்க வேண்டும். பட்டியலில் இருப்பதை நீக்கிவிட்டு, ஆப்புக்குள் இருந்து புதிதாகச் சேருங்கள். முன்பு வேறு போனோடு, பெரும்பாலும் மகனின் போனோடு, சேர்த்திருந்தால் அங்கும் நீக்குங்கள். மகன் பக்கத்து அறையில் இருந்தால் மிஷின் அவர் போனையே பிடித்துக்கொள்ளும்.

அதற்கும் அசையவில்லை என்றால் பேட்டரி. பேட்டரி பலவீனமானால் சில மிஷின்கள் அளக்கும், ஆனால் அனுப்பாது. புதிய பேட்டரி போட்டுப் பாருங்கள். போட்ட உடனே மிஷினின் தேதியையும் நேரத்தையும் சரிசெய்யுங்கள். இதை விட்டால் என்ன ஆகும் என்பது அடுத்த தலைப்பில்.

இவ்வளவுக்கும் போகவில்லை என்றால் மிஷின் கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், பெட்டியில் அச்சிட்டிருக்கும். வாரன்டி இருந்தால் மாற்றித் தர வாய்ப்பு உண்டு. இதற்கிடையில் அளப்பதை நிறுத்தாதீர்கள். பெரும்பாலான மிஷின்களுக்கு உள்ளேயே ஞாபகம் உண்டு. நோட்டிலும் எழுதி வையுங்கள்.

## கோளாறு 5: அளவு வருகிறது, நம்ப முடியவில்லை

### 7.2, 9.4 என்று வருகிறது

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வாங்கி அனுப்பிய மிஷின். லண்டன், சிங்கப்பூர், கனடா போன்ற இடங்களில் மில்லிமோல் கணக்கு, நம் ஊரில் மில்லிகிராம் கணக்கு. 18ஆல் பெருக்குங்கள். 7.2 என்றால் சுமார் 130. ஆப்பில் அலகை மாற்றிக்கொள்ளலாம். மிஷினில் பெரும்பாலும் மாற்ற முடியாது. 7.2 என்பதைப் பார்த்து "சுகர் ஏழுக்கு இறங்கிவிட்டது" என்று சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வைத்த வீடும் உண்டு, ஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரி சுகரைச் சொல்லும் லேப் பரிசோதனை) 7.2 என்று நினைத்து நிம்மதியாக இருந்த வீடும் உண்டு. மிஷின் மேலேயே "18ஆல் பெருக்கு" என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

### திடீரென்று மிக அதிகம்

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, வேறு விரலில் மறுபடி பாருங்கள். வேறு எதையும் அதற்கு முன் செய்யாதீர்கள். போன கோடையில் ஒரு அம்மா 286 என்று பதறிக்கொண்டு போன் செய்தார். "கையில் என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?" என்றேன். பேரனுக்கு மாம்பழம் நறுக்கிக் கொடுத்தாராம். கை கழுவிப் பார்த்தார், 148. விரலில் ஒட்டிய பழச்சாறு ரத்தத் துளியோடு கலந்தால் அப்படித்தான் காட்டும். அந்த 286ஐ ஆப்பிலிருந்து நீக்கச் சொன்னேன். இல்லாவிட்டால் வாரச் சராசரி முழுவதும் அதைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

அடுத்தது ரத்தத் துளி வைக்கும் ஸ்ட்ரிப். காலாவதித் தேதி, திறந்து எத்தனை மாதம் ஆயிற்று, மூடி இறுக்கமாக இருந்ததா, சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தீர்களா என்று பாருங்கள். ஈரமும் சூடும் ஸ்ட்ரிப்பைக் கெடுத்துவிடும்.

### மிஷின் ஒன்று சொல்கிறது, லேப் வேறு சொல்கிறது

சுகர் மிஷின்களுக்கான சர்வதேசத் தர அளவுகோலே 100க்கு மேல் 15 சதவீதம் வரை வித்தியாசத்தை அனுமதிக்கிறது. லேபில் 200 என்றால் மிஷினில் 170 முதல் 230 வரை எதுவும் வரலாம். 100க்குக் கீழே 15 புள்ளி வரை. சாப்பிட்ட பிறகு விரல் ரத்தம், நரம்பில் எடுக்கும் ரத்தத்தைவிடச் சற்று அதிகமாகவே காட்டும்.

ஒப்பிட வேண்டுமானால் வெறும் வயிற்றில், லேபில் ரத்தம் எடுக்கும் அதே ஐந்து நிமிடத்துக்குள் உங்கள் மிஷினிலும் பாருங்கள். வீட்டில் ஆறு மணிக்குப் பார்த்ததையும் லேபில் ஒன்பது மணிக்குக் கொடுத்ததையும் ஒப்பிடாதீர்கள். அப்படிப் பார்த்தும் வித்தியாசம் பெரிதாக இருந்தால் மிஷினை மாற்றலாம். ரத்தசோகை இருப்பவர்களும், வயிற்று வழியாக டயாலிசிஸ் செய்பவர்களும் மிஷின் வாங்கும் முன்பே டாக்டரிடம் கேட்க வேண்டும். அவர்களுக்குச் சில வகை ஸ்ட்ரிப்புகள் உண்மையைவிட அதிகமாகக் காட்டும், அதை நம்பி இன்சுலினைக் கூட்டினால் ஆபத்து.

### ஆப் சொல்லும் ஏ1சி நன்றாக இருக்கிறது, லேப் ஏ1சி மோசமாக இருக்கிறது

ஆப் காட்டுவது, நீங்கள் கொடுத்த அளவுகளின் சராசரியிலிருந்து போட்ட ஒரு கணக்கு. ஏ1சி 7 என்றால் சராசரி சுமார் 154. தினமும் காலை வெறும் வயிற்றில் மட்டும் பார்த்துப் பதிவு செய்தால், மதியச் சோறும் மாலை பஜ்ஜியும் ஆப்புக்குத் தெரியவே தெரியாது. லேப் சொல்வதை நம்புங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் பாருங்கள்.

### அளவுகள் நாள் மாறிக் கிடக்கின்றன

பேட்டரி மாற்றிய மிஷின் பழைய ஏதோ ஒரு தேதிக்குப் போயிருக்கும். நேற்றுப் பார்த்த அளவுகள் ஆப்பில் பல வருடத்துக்கு முந்தைய பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், "அளவே வரவில்லை" என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். காலை, மாலை மாறியிருந்தால் இன்னும் மோசம். சாப்பிட்ட பின் 180 வந்ததை வெறும் வயிற்று 180 என்று டாக்டர் படித்துவிடுவார். மிஷினில் தேதியைச் சரிசெய்யுங்கள். ஏற்கெனவே தப்பாகப் போனவற்றை ஆப்பில் நீக்குங்கள்.

### பிரஷர் ஒருநாள் 150, மறுநாள் 118, மறுபடி 152

இரட்டைப் பயனர் பட்டனைப் பாருங்கள். வீட்டுப் பிரஷர் மிஷின்கள் பலவற்றில் ஒன்று, இரண்டு என்றோ ஏ, பி என்றோ இருக்கும். ஐயா ஒன்று, அம்மா இரண்டு. பட்டனை மாற்றாமல் அளந்தால் இருவர் அளவும் ஒருவர் கணக்கில் ஏறும். அப்படி வந்த ஒரு ஏற்ற இறக்கப் படத்தைப் பார்த்து டாக்டர் மாத்திரையைக் கூட்ட எழுத ஆரம்பித்தபோது, பக்கத்தில் இருந்த மனைவி "அந்த 150 எனக்கு வந்ததுங்க" என்று சொன்னதால் நின்றது. அவருக்குத்தான் பிரஷர் இருந்தது, மாத்திரை இன்றி.

அது இல்லை என்றால் அளக்கும் முறை. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார வேண்டும். காபி, டீ, சிகரெட் அரை மணி முன்பே நிறுத்த வேண்டும். கால் மேல் கால் கூடாது, பேசக் கூடாது, கையை மேசை மேல் நெஞ்சு உயரத்தில் வைக்க வேண்டும், சட்டைக் கைக்கு மேல் பட்டையைச் சுற்றக் கூடாது. புஜம் பெரிதாக இருப்பவருக்குச் சின்னப் பட்டை சுற்றினால் கூடுதலாகக் காட்டும். பெரிய பட்டை தனியாகக் கிடைக்கிறது, வாங்கிவிடுங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். இவ்வளவும் சரியாக இருந்து, ஒரு வாரம் தொடர்ந்து 135/85க்கு மேல் இருந்தால் டாக்டரைப் பாருங்கள். மிஷின் அடிக்கடி பிழைக் குறி காட்டினாலோ, துடிப்பு சீராக இல்லை என்று காட்டினாலோ ஒரு இ.சி.ஜி. எடுத்துவிடுவது நல்லது.

### கேமராவில் விரல் வைத்தால் பிரஷர் காட்டும் ஆப்

நீக்கிவிடுங்கள். அப்படி ஒரு ஆப்பை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் சோதித்து 2016இல் வெளியிட்டார்கள். உயர் அழுத்தம் இருந்தவர்களில் நாலில் மூன்று பங்குக்கும் மேலானவர்களுக்கு அது இயல்பு என்று காட்டியது. ஊசி குத்தாமல் சுகர் காட்டும் என்று விற்கும் கைக்கடிகாரம், மோதிரம் எதையும் வாங்க வேண்டாம் என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிகள் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. இதில் சரிசெய்ய எதுவும் இல்லை.

## கோளாறு 6: கையில் ஒட்டிய சென்சார்

இரவு இரண்டு மணிக்கு லோ சுகர் என்று அலறுகிறது, விரலில் பார்த்தால் 110. அந்தக் கை மேல் படுத்திருப்பார். சென்சார் அழுந்தினால் பொய்யாக இறங்கிக் காட்டும். அடுத்த முறை மற்றக் கையில், புஜத்தின் பின்பக்கம் ஒட்டுங்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் "படுத்திருப்பேன்" என்று விட்டுவிடாதீர்கள், விரலில் குத்திப் பார்த்த பிறகே தூங்குங்கள்.

சாப்பிட்ட பிறகு விரல் அளவும் சென்சார் அளவும் ஒத்துவரவில்லை. சென்சார் பார்ப்பது ரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் உள்ள நீரை. ஐந்து பத்து நிமிடம் பின்தங்கும். ஒட்டிய முதல் நாளும் கொஞ்சம் தடுமாறும். உடல் சொல்வதும் சென்சார் சொல்வதும் வேறாக இருந்தால் விரல் அளவை நம்புங்கள். வைட்டமின் சி மாத்திரை நிறையப் போட்டால் சில சென்சார்கள் அதிகமாகக் காட்டும்.

எச்சரிக்கை மணி வரவில்லை. கோளாறு 1இல் சொன்ன எல்லாம் இங்கும் பொருந்தும், இங்கே விளைவு பெரிது. போனில் அப்டேட் வந்த பிறகும், புதிதாக ஹெட்செட் அல்லது காரோடு போனைச் சேர்த்த பிறகும் மணி கேட்காமல் போகலாம் என்று எஃப்.டி.ஏ. 2025 பிப்ரவரியில் சொன்னது. மாதம் ஒருமுறை எச்சரிக்கை செட்டிங்ஸைத் திறந்து பாருங்கள்.

பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. எண்ணெய் தேய்த்த தோல், வியர்வை. திரும்ப ஒட்ட முடியாது. தூக்கிப் போடாமல் வரிசை எண்ணோடு போட்டோ எடுத்துக் கம்பெனியைக் கூப்பிடுங்கள், சில சமயம் மாற்றித் தருவார்கள். ஒட்டிய இடம் சிவந்து, வீங்கி, சீழ் கோத்திருந்தால் டாக்டர்.

## கோளாறு 7: போன் மாற்றினோம், பழைய கணக்கு எல்லாம் போய்விட்டது

பழைய போன் இன்னும் கையில் இருந்தால் அதை அழிக்காதீர்கள். அதில் ஆப்பைத் திறந்து, எந்த எண்ணில் அல்லது எந்த மெயிலில் லாகின் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் முதலில் போட்டுக் கொடுத்த மகனின் எண்ணாக இருக்கும், அப்பா தன் எண்ணில் புதுக் கணக்கு தொடங்கியிருப்பார். பழைய எண்ணில் லாகின் செய்தால் எல்லாம் திரும்பி வரும். ஓ.டி.பி. மகனுக்குப் போகும், அவர் விழித்திருக்கும் நேரத்தில் செய்யுங்கள்.

லாகினே இல்லாமல் ஓடிய ஆப் என்றால் கணக்கு பழைய போனுக்குள்தான் இருக்கிறது. 'எக்ஸ்போர்ட்' அல்லது 'ஷேர் ரிப்போர்ட்' என்று தேடி பி.டி.எஃப். எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பி வையுங்கள். பழைய போனும் போய்விட்டால் மிஷினின் ஞாபகத்தில் இருப்பவை மட்டும் மறுபடி ஏறும். ஆப்பைப் புதிதாகப் போட்டவர்கள் மாத்திரைப் பட்டியலை ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள், கடைசி மருந்துச் சீட்டைப் பார்த்து எழுதுங்கள்.

## கோளாறு 8: ஆப் நன்றாக ஓடுகிறது, ஆனால் டாக்டர் பார்ப்பதே இல்லை

ஐந்து நிமிடத்தில் ஒரு நோயாளியைப் பார்க்கும் இடத்தில், போனை நீட்டி விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினால் யாராலும் படிக்க முடியாது. போவதற்கு முன்தினம் கடைசி 14 நாள் அறிக்கையை எடுத்து ஒரே தாளில் அச்சிட்டுக்கொள்ளுங்கள். அச்சிட வசதி இல்லை என்றால் கையால் எழுதுங்கள். தேதி, வெறும் வயிறு, சாப்பிட்ட பின், பிரஷர் என்று நான்கு கட்டம். 70க்குக் கீழே போன நாளைச் சிவப்பில் வட்டமிட்டு, அன்று என்ன நடந்தது என்று பக்கத்தில் ஒரு வரி: "மாத்திரை போட்டேன், கல்யாண வீட்டில் பந்தி தாமதம்." எங்கள் டாக்டர் அந்தத் தாளை வாங்கியதும் முதலில் படிப்பது அந்த ஒரு வரியைத்தான்.